விளையாட்டில் வெளிப்படும் பாதிப்பு

எலிக்குட்டிகள் ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வார வயதில் மிகுதியாக விளையாடுகின்றன. ஒரு குட்டி மற்றொன்றின் பிடரியை மூக்கால் தொட முயலும். மற்றது மல்லாந்து புரண்டு தன்னைக் காத்துக்கொள்ளும். பின்னர் இரண்டும் நிலை மாறும். எப்போது பாய்வது, எப்போது விட்டுக்கொடுப்பது என்னும் கூட்டுவாழ்வின் பாடங்களை அவை இவ்விளையாட்டின் வழியே கற்கின்றன.

கருவுற்ற தாய் எலியின் உடலில் சேரும் ஆல்கஹால், நஞ்சுக்கொடியைக் கடந்து கருவின் வளரும் மூளையை அடைகிறது. இவ்வாறு பிறந்த குட்டிகளின் விளையாட்டு முறை மாறுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வளர்ந்தபின் சண்டையிடும் இயல்பு மிகுதல், முன்பு பழகிய எலியைப் புதிய எலியினின்று பிரித்தறிவதில் குறைபாடு ஆகியனவும் பதிவாகியுள்ளன. நடத்தையைச் சூழலுக்கேற்ப நெறிப்படுத்தும் முன்மூளைப் புறணியில் நேரும் மாற்றங்கள் இவற்றோடு தொடர்புடையவை.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், மருத்துவர்கள் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் ஆகியோர் 1973இல், கருவிலேயே மதுவின் பாதிப்புக்கு உள்ளான குழந்தைகளிடம் காணப்பட்ட குறைபாடுகளைக் 'கருநிலை ஆல்கஹால் நோய்த்தொகுப்பு' எனப் பெயரிட்டனர். அத்தகைய குழந்தைகள் பிறரோடு பழகுவதில் இடர்ப்படுவதும் உண்டு. அதற்குக் காரணம் மதுவா, வறுமையா, வளர்ப்பா என மனித வாழ்வில் பிரித்தறிதல் அரிது. ஆய்வகத்திலோ உணவும் கூண்டும் பராமரிப்பும் ஒன்றாக அமைய, மதுவை மட்டும் வேறுபடுத்த இயலும். ஆதலால் அதன் தனித்த விளைவு புலனாகிறது.

கருவுற்ற காலத்தில் தீங்கற்றது எனக் கொள்ளத்தக்க மதுவின் அளவு எதுவும் இதுவரை அறியப்படவில்லை. உடலில் ஊனம் ஏதுமின்றிப் பிறக்கும் உயிரும், உறவாடும் திறனில் குறையுற்றிருக்கக்கூடும் என்பதே இவ்வாய்வுகள் உணர்த்தும் உண்மை.