இடைவெளியை மறைக்காத நிரூபணம்

ஜார்ஜ்டவுன் நகரம் அமைந்துள்ள பினாங்குத் தீவைச் செபராங் பிறையுடன் இணைக்கும் பினாங்குப் பாலம், 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலம் பகுதி பகுதியாக எழுப்பப்பட்டது. கட்டுமானம் நடக்கும்போது ஆங்காங்கே இடைவெளி இருப்பது இயல்பே. ஆனால், ஓரிடத்தில் இடைவெளி எஞ்சியிருந்தாலும் வண்டிகளை ஓட விட முடியாது. கணித நிரூபணமும் அத்தகையதே.

ஒரு கூற்று எப்போதும் உண்மை என்பதைப் படிப்படியாகக் காட்டுவதே நிரூபணம். ஒவ்வொரு படியும் முந்தைய படிகளிலிருந்து பிறக்க வேண்டும். இப்படிகளைச் சரிபார்க்க இன்று கணினி மென்பொருள்கள் உள்ளன. 2013ஆம் ஆண்டு லியோனார்டோ டி மோரா உருவாக்கத் தொடங்கிய 'லீன்' அவற்றுள் ஒன்று. மனிதர் படிகளை எழுதுவார். லீன் அவற்றை ஆராய்ந்து ஏற்கும் அல்லது மறுக்கும்.

நீண்ட நிரூபணத்தில் ஒரு படி கடினமாக இருந்தால் என்ன செய்வது? அவ்விடத்தில் 'சாரி' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தட்டச்சு செய்யலாம். 'மன்னிக்கவும், இதனை இன்னும் நிரூபிக்கவில்லை' என்பது அதன் பொருள். லீன் அப்படியைத் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டு மற்றவற்றைச் சரிபார்க்கும். தேர்வில் 'அ' பகுதியை நிறுவ இயலாத மாணவர், அதன் முடிவைக் கொண்டு 'ஆ' பகுதிக்கு விடை எழுதுவதைப் போன்றது இது. இதனால் முழுத் திட்டமும் பொருந்துகிறதா என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். எஞ்சிய படிகளைப் பலர் பகிர்ந்துகொண்டு செய்யலாம்.

இதில் ஆபத்தும் உண்டு. இச்சொல்லை இட்டால், 'ஒன்றும் இரண்டும் சமம்' என்ற பொய்யைக்கூட லீன் மறுக்காது. அதனால்தான், இச்சொல் நீக்கப்படும் வரை அது எச்சரிக்கை விடுத்துக்கொண்டே இருக்கும்.

2018ஆம் ஆண்டு ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற ஜெர்மானியக் கணித அறிஞர் பீட்டர் ஷோல்ஸ், டஸ்டின் கிளாசனுடன் இணைந்து ஒரு தேற்றத்தை நிறுவினார். எனினும், அந்நிரூபணத்தில் எங்கேனும் பிழை இருக்குமோ என்ற ஐயம் அவருக்கே இருந்தது. அதனை அவர் மறைக்கவில்லை. கணினிவழிச் சரிபார்க்குமாறு 2020 டிசம்பரில் வேண்டுகோள் விடுத்தார். யோஹான் கொம்மெலின் தலைமையில் பலர் ஒன்றுகூடி, 'சாரி' இட்ட இடங்களை ஒவ்வொன்றாக நிரப்பினர். 2022 ஜூலையில் கடைசி இடைவெளியும் நிரம்பியது. நிரூபணம் சரியே என உறுதியானது.

தெரியாத இடத்தை நேர்மையாகக் குறித்து வைப்பது இழுக்கன்று. ஆனால், அவ்விடத்திற்குத் திரும்பி வந்து அதனை நிரப்பிய பின்னரே வேலை முடிகிறது. பினாங்குப் பாலத்திலும் கடைசிப் பகுதி இணைந்த பிறகே வண்டிகள் கடலைக் கடந்தன.