வயிற்றோட்டமும் நன்னுண்ணுயிர்களும்

கண்டி மாநகரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் வாழ்வோருட் பலர் பீலி நீரையும் ஊற்று நீரையும் நம்பியிருப்பவர். மாரிக்காலத்தில் மேட்டுநிலத்து அழுக்கு அந்நீரிற் கலக்குமாயின் வயிற்றோட்டம் பரவுதற்கு ஏதுவாகின்றது. இந்நோய்க்குத் தயிரும் மோரும் நல்லன என்பது நெடுநாள் வழக்கு. இக்காலத்தில் மருந்துக்கடைகளில் நன்னுண்ணுயிர்ப் பொதிகளும் விற்கப்படுகின்றன. இவை நோயைத் தீர்க்கவல்லனவா என்பது ஆராய்தற்குரியது.

உயிருடன் போதிய அளவு உட்கொள்ளுமிடத்து உடலுக்கு நன்மை பயக்கும் நுண்ணுயிர்களே நன்னுண்ணுயிர்கள் எனப்படும். இவற்றைப் புரோபயோட்டிக்குகள் என்பர். 1908இல் நோபெல் பரிசு பெற்ற மெச்னிக்கோவ் என்னும் அறிஞர், புளித்த பாலிலுள்ள பற்றீரியாக்கள் குடலுக்கு நலஞ் செய்யும் எனக் கருதினார். 1917இல் செருமானிய வைத்தியர் நிசில், தோழர் பலர் வயிற்றுநோயுற்றபோதும் தான் நோயுறாதிருந்த போர்வீரன் ஒருவனின் குடலிலிருந்து ஒருவகைப் பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். நல்லுயிர்கள் குடலில் இடத்தையும் உணவையும் கவர்ந்துகொள்வதால் தீயவை பெருக இடமின்றிப் போகும் என்பதே இக்கொள்கையின் சாரமாகும்.

கொள்கை அழகியதாயினும் சோதனை வேறு கூறுகின்றது. 2010இல் 63 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கொக்கிரேன் மதிப்பீடு, நன்னுண்ணுயிர்கள் வயிற்றோட்டத்தை ஏறத்தாழ ஒரு நாள் குறைப்பதாகக் கண்டது. ஆயின், அவ்வாய்வுகளுட் பல சிறியன, குறையுடையன. 2018இல் ஐக்கிய அமெரிக்காவில் 971 குழந்தைகளிடத்தும் கனடாவில் 886 குழந்தைகளிடத்தும் நடாத்தப்பெற்ற பெருஞ்சோதனைகளில், மருந்து பெற்றோர்க்கும் போலிமருந்து பெற்றோர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. 2020இல் வெளிவந்த புதிய கொக்கிரேன் மதிப்பீடும் பயன் மிகச் சிறிதே அல்லது இல்லை என்னும் முடிவையே எய்தியது.

நோயைத் தடுத்தல் வேறு, தீர்த்தல் வேறு. கல்கத்தாவின் சேரியொன்றில் 3,758 சிறாரிடையே நிகழ்ந்து 2011இல் வெளியான ஆய்வில், நன்னுண்ணுயிர்ப் பானம் நாடோறும் அருந்தியோரிடத்து வயிற்றோட்டம் 14 சதவீதம் குறைந்தது. இது தடுப்பின் பாற்பட்டது. நோயுற்ற குழந்தைக்கு மருந்தாகும் என்பதற்குச் சான்றன்று. மேலும், வீட்டுத் தயிரிலுள்ள நுண்ணுயிர்களின் வகையும் அளவும் இன்னவென அறுதியிடல் அரிது. அது நல்லுணவு, ஆயினும் மருந்தெனக் கொள்ளற்பாலதன்று.

வயிற்றோட்டத்தில் உயிரைக் கவர்வது பெரும்பாலும் நீரும் உப்பும் இழக்கப்படுதலே. 1971இல் வங்காள அகதிகளிடையே வாந்திபேதி பரவியபோது, வைத்தியர் திலீப் மகலனாபிசு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பருகச் செய்தார். ஏறத்தாழ 30 சதவீதமாயிருந்த இறப்பு 3.6 சதவீதமாயிற்று. நம் நாட்டில் ‘ஜீவனி’ என வழங்கும் பொதி இவ்வகையினதே. பொதியிற் குறித்த அளவு கொதித்தாறிய நீரில் அதனைக் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருக்குதல் வேண்டும். தாய்ப்பாலும் வழக்கமான உணவும் நிறுத்தற்பாலனவல்ல. துத்தநாகச் சத்தினைப் பத்து முதற் பதினான்கு நாள்வரை கொடுக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2004இல் விதந்துரைத்தது.

கண் குழிவிழுதல், சிறுநீர் குறைதல், சோர்ந்து துவளுதல், மலத்திற் குருதி காணல் ஆகிய குறிகள் தோன்றின், தயிரையோ பொதியையோ நம்பிக் காலந்தாழ்த்தலாகாது. மலைத்தோட்டத்து லயங்களிலிருந்து பேராதனைச் சிறுவர் வைத்தியசாலையை அடைதற்கு வழி நெடிது. ஆதலின், ஜீவனியைப் பருக்கிக்கொண்டே குழந்தையை உடன் எடுத்துச் செல்வதே அறிவுடைமையாகும்.