உப்பு மட்டும் போகவில்லை

பருத்தித் துணியில் சாயம் எளிதில் ஏறாது. சாயத்தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் சாயத்தை நூலுக்குள் தள்ளுவது அதுதான். தள்ளிவிட்டு, உப்பு தண்ணீரிலேயே தங்கிவிடும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் பல ஆண்டுகள் அந்தத் தண்ணீரை நொய்யலில் விட்டன. சுண்ணாம்பு போட்டு நிறத்தை எடுத்துப் பார்த்தார்கள். நிறம் குறைந்தது, உப்பு போகவில்லை.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் நொய்யலில், மழைக்காலம் தவிர ஓட்டம் குறைவு. பாசனத்துக்காக 1992இல் சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே அதில் சாயத்தண்ணீர் தேங்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பாயின. தண்ணீர் விடச் சொல்லிப் போராடியே பழகிய விவசாயிகள், அணையைத் திறக்காதீர்கள் என்று மன்றாடினார்கள். ஒரு அணைக்கு இதைவிட வேதனையான கதி வராது.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவு ஒரு சொட்டும் ஆற்றுக்குப் போகக்கூடாது என்ற உத்தரவு நிறைவேறாததால், 2011 ஜனவரி 28 அன்று 700க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்.

சாயம் நின்றால் பனியன் கம்பெனியில் தையலும் தடுமாறும், செக்கிங்கும் தடுமாறும். துணி சாயமேற வெளிமாநிலங்களுக்கு லாரி ஏறியது. வேலை குறைந்த தொழிலாளர்கள் பலர் சொந்த ஊருக்குப் பஸ் ஏறினார்கள்.

ஒரே தொழிலை நம்பி, அது நின்றதும் தானும் நின்றுபோன இன்னொரு ஊர் ஈரானின் அபாதான். ஆற்றுக் கிளைகளுக்கு நடுவே கிடந்த அந்தத் தீவில் 1912இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. இந்தியத் தொழிலாளர்களும் அங்கே போய் உழைத்தார்கள். 1951இல் ஈரான் எண்ணெயை நாட்டுடைமையாக்கியதும் ஆலையை நடத்திவந்த ஆங்கிலேயர்கள் வெளியேறினார்கள், ஏற்றுமதி முடங்கியது, ஆலை ஓய்ந்தது. பிறகு மீண்டும் ஓடிய ஆலையை 1980இல் தொடங்கிய ஈராக்குடனான போர் சிதைத்தது.

நின்றுபோன திருப்பூரை மீண்டும் தூக்கி நிறுத்தியது சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கும் கலனும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இப்போது சாயத்தண்ணீரில் பெரும்பகுதியைத் தெளியவைத்துப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகின்றன. உப்பிலும் ஒரு பகுதி மறுபடி தொட்டிக்குப் போகிறது. செலவு கடுமையானது, ஆனாலும் இந்த வழிக்குத் திருப்பூர் முன்பே வந்திருக்க வேண்டும். எதற்கும் உதவாத கலப்பு உப்புதான் இன்னும் தீராத தலைவலி. அதை மூட்டை கட்டி, மழை படாமல் கொட்டகைகளில் அடுக்கி வைக்கிறார்கள்.