கள்ளநோட்டு போய் கள்ளத்திரை வந்தது!

கல்லாப்பெட்டி அருகே க்யூஆர் அட்டை இல்லாத மளிகைக் கடையைக் காண்பது இன்று அரிது. 2016-ல் தொடங்கப்பட்ட யுபிஐ முறையால் சில்லறைத் தொல்லை குறைந்திருக்கிறது. வணிகர்களாகிய நமக்கு இது நன்மையே. ஆனால் கள்ளநோட்டுக்கு ஈடாகக் கள்ளத்திரை என்ற புதுத் தொல்லையும் கூடவே வந்திருக்கிறது.

மாலை நேரக் கூட்டத்தில் ஒருவர் எண்ணெய், பருப்பு என்று 500 ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறார். 'பணம் அனுப்பியாச்சு' என்று செல்போனில் பச்சைக் குறியைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார். அது அசலைப் போலவே செய்யப்பட்ட போலிச் செயலி. நம் கணக்கில் ஒரு காசும் ஏறியிருக்காது. நூற்றுக்கு ஐந்து ரூபாய் மிஞ்சும் சரக்கு என்றால், அந்த 500-ஐ ஈடுகட்ட நாம் 10,000 ரூபாய்க்கு விற்றாக வேண்டும்!

எனவே வணிகப் பெருமக்கள் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்.

1. வாடிக்கையாளரின் திரையை வைத்து வரவு எழுதக் கூடாது. நம் போனில் வரவு தெரிய வேண்டும், அல்லது ஒலிப்பெட்டி தொகையைச் சொல்ல வேண்டும். நெட்வொர்க் மந்தமாக இருந்து பெட்டி பேசாவிட்டால், வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்த பிறகே சரக்கைக் கொடுக்கலாம்.

2. தினமும் கடை திறந்ததும் நம் அட்டையை நாமே ஸ்கேன் செய்து, நம் பெயர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் இரவோடு இரவாகப் பல கடைகளின் அட்டைகளை மாற்றிவிட்டார்கள்.

3. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. யார் கேட்டாலும் அதை அழுத்த வேண்டாம்.

4. கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இரவு கடை அடைக்குமுன் யுபிஐ விற்பனையைத் தனியே கூட்டி வங்கி வரவோடு சரிபார்க்க வேண்டும்.

ஏமாற்றம் நேர்ந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யலாம்.

சரிபார்த்தால் வாடிக்கையாளர் மனம் கோணுமோ என்று தயங்க வேண்டியதில்லை. ஐநூறு ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதை எவரும் தவறாக நினைப்பதில்லையே! கல்லாவுக்கு வந்தால்தான் பணம்.