நோயாளியும் சாளரமும்

மருத்துவமனை ஒன்றை வரைந்து வரும்படி கட்டடக் கலை மாணவனிடம் சொன்னால், அவன் பெரும்பாலும் முகப்பிலிருந்துதான் தொடங்குவான். வாயில் எப்படி அமைய வேண்டும், தூண்கள் எத்தனை, மாடிகள் எத்தனை என்றெல்லாம் எண்ணி, தெருவில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அழகாகத் தோன்றும் படம் ஒன்றைத் தீட்டிவிடுவான். எங்கள் மூன்றாம் ஆண்டு வகுப்பில் அத்தகைய படங்கள் சுவர் முழுவதும் தொங்கின. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்த ஆசிரியர், "எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் இந்தக் கட்டடத்தில் மிகுந்த நேரம் இருக்கப் போகிறவன் படுத்திருப்பவன். அவனுக்கு இதில் என்ன தெரியும்?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரும் விடையை எதிர்பார்க்கவில்லை போலும். "பின்லாந்து நாட்டில் பைமியோ என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கேயுள்ள மருத்துவமனையைப் பற்றிப் படித்துவிட்டு வாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்துத் தொடங்கிய அந்தப் படிப்பு, பல ஆண்டுகளாகியும் எனக்கு இன்னும் முடிந்தபாடில்லை. நான் எந்த வகைக் கட்டடங்களைக் கட்ட விரும்புகிறேன் என்பதை எனக்குக் காட்டியதும் அதுவே.

பைமியோ மருத்துவமனை காசநோயாளருக்காகக் கட்டப்பட்டது. அந்நோய்க்கு மருந்து காணப்படாத காலம் அது. தூய காற்று, வெயில், ஓய்வு, நல்லுணவு ஆகியவற்றையே மருத்துவர்கள் நம்பியிருந்தனர். மருந்து செய்ய வேண்டிய வேலையைக் கட்டடம் செய்ய வேண்டியிருந்தது என்றுகூடச் சொல்லலாம். 1929-ஆம் ஆண்டு ஒரு போட்டியில் வென்று அப்பணியைப் பெற்றவர் ஆல்வர் ஆல்ட்டோ. அவர் மனைவியார் அய்னோ ஆல்ட்டோவும் கட்டடக் கலைஞர். இருவரும் சேர்ந்தே தொழில் நடத்தினர். 1933-இல் மருத்துவமனை திறக்கப்பட்டது. தாம் நோயுற்றுப் படுத்திருந்த நாட்களில் கூரை விளக்கு கண்ணை உறுத்தியதிலிருந்தே, படுத்திருப்பவனுக்கு வேண்டிய அறை வேறு, நிற்பவனுக்கு வேண்டிய அறை வேறு என்பதைத் தாம் கண்டுகொண்டதாக ஆல்ட்டோ பிற்காலத்தில் கூறியதுண்டு.

நடமாடுகின்ற நமக்குச் சுவர்களே அறை. கூரையை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்? படுத்திருப்பவனுக்கோ கூரைதான் பகலெல்லாம் எதிரே நிற்கும் சுவர். ஆகவே ஆல்ட்டோ கூரைக்குக் கண்ணுக்கு இதமான கருமை கலந்த வண்ணம் பூசினார். விளக்கைப் படுத்திருப்பவன் பார்வையில் நேரே படாத இடத்தில் வைத்தார். அறையைச் சூடாக்கும் அமைப்பைக் கூரையிலேயே பொருத்தி, வெப்பம் தலையில் விழாமல் காலடியில் விழும்படி செய்தார். சாளரத்துக்கு இரட்டைக் கண்ணாடி. வெளிக்குளிர் காற்று இரண்டு கண்ணாடிகளுக்கும் இடையே புகுந்து, சற்று வெதுவெதுப்பாகி, பிறகே அறைக்குள் வரும். ஓர் அறைக்கு இருவர். இருவருக்கும் தனித்தனியே கைகழுவும் தொட்டி. ஒருவர் நள்ளிரவில் கை கழுவினால் மற்றவர் விழித்துக்கொள்ளக் கூடாதல்லவா? நீர் சாய்வாக விழுந்து ஓசையின்றி வழியுமாறு அத்தொட்டி வடிக்கப்பட்டது. மருத்துவரின் அங்கிக் கை மாட்டிக்கொள்ளாத கதவுப்பிடி, சாய்ந்து அமர்ந்தால் மூச்சு எளிதாக வரும்படி வளைத்த மர நாற்காலி, ஒவ்வொரு தளத்திலும் வெயில் காயும் முற்றம் என்று இந்தப் பட்டியல் நீள்கிறது. இவற்றுள் எதுவும் தெருவிலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியாது என்பதே என்னை மிகவும் கவர்ந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் நம் சென்னைக்கருகே தாம்பரத்தில், 1928-ஆம் ஆண்டு, மருத்துவர் டேவிட் சௌரிமுத்து ஒரு காசநோய் விடுதியைத் தொடங்கினார். அந்தப் பகுதிக்கும் அதன் இரயில் நிலையத்துக்கும் சானடோரியம் என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. நாள்தோறும் அந்த நிலையத்தைக் கடந்து கல்லூரிக்குச் செல்பவர்கள் இவ்வுரையைக் கேட்பவர்களுள்ளும் இருக்கக்கூடும்.

பிறகு மருந்து வந்தது. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் வேறு மருந்துகளும் வந்தன. 1956-இல் சென்னையில் ஒரு காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. விடுதியில் தங்கி மருந்துண்பவர்களையும், வீட்டிலேயே இருந்துகொண்டு மருந்துண்பவர்களையும் அது ஒப்பிட்டுப் பார்த்தது. 1959-இல் வெளிவந்த முடிவு உலகையே வியக்கச் செய்தது. முறையாக மருந்துண்டால் ஏழையின் நெருக்கடியான வீட்டிலும் நோய் தீருகிறது; விடுதியின் நல்லுணவும் ஓய்வும் இல்லாத குறை அங்கே பெரிதாகத் தோன்றவில்லை; உடன் வாழும் குடும்பத்தாருக்கும் அதனால் ஆபத்து மிகுதிப்படவில்லை. சென்னைச் சேரிகளில் கண்ட உண்மை உலகெங்கும் காசநோய் விடுதிகளின் கதவுகளை மூடச் செய்தது.

மாணவப் பருவத்தில் இதைப் படித்தபோது எனக்கு ஒருவகைத் திகைப்பு உண்டாயிற்று. ஆல்ட்டோவின் கூரை வண்ணமும் ஓசையற்ற தொட்டியும் வெறும் அன்புதானா? மருந்து வந்தபின் கட்டடத்துக்கு வேலையே இல்லையா? இக்கேள்விக்கு விடை தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. அது இனிய விடை அன்று.

குவாசுலு-நட்டால் மாகாணத்தில் டுகேலா ஃபெர்ரி என்பது ஒரு சிற்றூர். அங்கே 2005-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 2006 மார்ச்சு வரையில் 53 பேரிடம், ஏறத்தாழ எம்மருந்துக்கும் கட்டுப்படாத காசநோய் கண்டறியப்பட்டது. அவர்களுள் 52 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் பலர் முன்பு காசநோய்க்கு மருந்தே உண்டிராதவர்கள். பலர் அண்மையில் வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் தங்கிச் சென்றவர்கள். குணமாக வந்த இடத்திலேயே, பக்கத்துப் படுக்கையிலிருந்து வந்த மூச்சுக் காற்றின் வழியே நோயைப் பெற்றார்கள் என்ற முடிவுக்கு அறிஞர்கள் வந்தார்கள். மருந்து தோற்றுவிட்ட இடத்தில் எஞ்சி நிற்பது காற்று ஒன்றுதான். காற்றோ கட்டடக் கலைஞனின் பொறுப்பு.

இந்தக் காற்றுக் கணக்கைச் சற்று விளக்குகிறேன். நோயாளி இருமும்போது வெளிப்படும் நுண்துளிகள் உலர்ந்து, கிருமியைச் சுமந்த மிகச் சிறிய துகள்களாக மணிக்கணக்கில் மிதக்கும். அவற்றைத் துடைப்பத்தால் பெருக்க முடியாது. காற்றோடு வெளியேற்றத்தான் முடியும். ஆகவே ஓர் அறையின் அளவுள்ள புதுக்காற்று ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை உள்ளே வருகிறது என்று கணக்கிடுகிறார்கள். இரண்டு முறை வருமானால், மிதக்கும் துகள்களில் 100-க்கு 99 பங்கு நீங்க இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பன்னிரண்டு முறை வந்தால் 23 நிமிடத்தில் நீங்கிவிடும். தொற்றுநோயாளர் அறைகளுக்கு இயந்திரங்கள் பன்னிரண்டு முறை காற்றை மாற்ற வேண்டும் என்பது வழக்கமான விதி.

2007-ஆம் ஆண்டு பெரு நாட்டின் தலைநகராகிய லீமாவிலிருந்து ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. எட்டு மருத்துவமனைகளில் 70 அறைகளை எடுத்துக்கொண்டு, கதவு சாளரங்களைத் திறந்துவைத்தால் காற்று எத்தனை முறை மாறுகிறது என்று அளந்தார்கள். 1950-க்கு முன் கட்டப்பட்ட, உயர்ந்த கூரையும் பெரிய சாளரங்களும் உடைய பழைய அறைகளில் அது மணிக்கு 40 முறை மாறியது. 1970-க்குப் பின் கட்டப்பட்ட புதிய அறைகளில் 17 முறைதான். நோயாளரோடு ஒரு நாள் தங்குபவர்களில் 100-க்கு எத்தனை பேரை நோய் தொற்றும் என்றும் கணித்தார்கள். இயந்திரக் காற்று வரும் அறையில் 39 பேர். புதிய அறையில் 33 பேர். பழைய அறையில் 11 பேர். நம் பாட்டனார் காலத்துக் கட்டடங்களின் உயர்ந்த கூரையைப் பார்த்து, "இவ்வளவு இடத்தை வீணாக்கியிருக்கிறார்களே!" என்று சொல்லும் பொறியாளர்களை நான் அறிவேன். அந்த வெற்றிடம் வீணான இடமன்று.

இதைப் படித்த ஆண்டில் என் சிற்றப்பா மூச்சுக் கோளாறால் ஒரு மருத்துவமனையில் சேர்ந்திருந்தார். இரவுகளில் துணைக்கு நான் இருந்தேன். நீண்ட கூடம், சாளரங்கள் ஒரு பக்கத்தில் மட்டும், எதிர்ப்பக்கத்தில் உள்நடைக்குச் செல்லும் கதவு. ஒரு குச்சியின் நுனியில் மெல்லிய பஞ்சு நூலைக் கட்டி ஒவ்வொரு கட்டிலருகிலும் பிடித்துப் பார்த்தேன். சிற்றப்பா, "நூலைப் பிடித்துக்கொண்டு என்னப்பா ஆராய்ச்சி?" என்று சிரித்தார். சாளரத்தோரக் கட்டில்களில் நூல் அசைந்தது. நடுவிலிருந்த அவர் கட்டிலில் அது தூக்குக் குண்டின் கயிறுபோல் நேராகத் தொங்கியது. எதிர்க் கதவைத் திறந்ததும் அங்கேயும் அசையத் தொடங்கிற்று. காற்றுக்கு வரவும் ஒரு வழி வேண்டும். போகவும் ஒரு வழி வேண்டும். ஒன்றைமட்டும் திறந்துவைத்தால் அது உள்ளே நுழையாது. ஏழு மணியானதும் செவிலியர் வந்து எல்லாவற்றையும் சாத்தினார். "கொசு வருகிறது, தம்பி. இவர்களுக்கு மலேரியாவும் வர வேண்டுமா?" என்றார். அவர் சொன்னதும் நியாயந்தான். கட்டடம் செய்யத் தவறியதை அவர் ஒருவர் எப்படிச் சரிசெய்வார்?

அந்த நாட்களில்தான் மைக்கேல் மர்ஃபி என்ற அமெரிக்க மாணவரைப் பற்றிப் படித்தேன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை பயின்றுகொண்டிருந்த அவர், ஏழை நாடுகளில் மருத்துவத் தொண்டாற்றிய பால் ஃபார்மரின் சொற்பொழிவு ஒன்றைக் கேட்கச் சென்றார். உங்கள் மருத்துவமனைகளை வரைந்து தரும் கட்டடக் கலைஞர்கள் யார் என்று வினவினார். அப்படி ஒருவரும் இல்லை என்று தெரியவந்தது. அந்த விடை அவரை ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டாவுக்கு இட்டுச் சென்றது. 2008-இல் அவரும் உடன்பயின்ற ஆலன் ரிக்சும் சேர்ந்து தொடங்கிய அமைப்பு, ருவாண்டா அரசோடும் ஃபார்மரின் தொண்டு நிறுவனத்தோடும் இணைந்து, அந்நாட்டின் வடக்கே புட்டாரோ என்ற மலையூரில் ஒரு மருத்துவமனையை எழுப்பியது. அது 2011 சனவரியில் திறக்கப்பட்டது. படுக்கைகள் ஏறத்தாழ 150. அதற்குமுன் அந்த மாவட்டத்தில் வாழ்ந்த மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு ஒரு மருத்துவர்கூட இருந்ததில்லை.

டுகேலா ஃபெர்ரியின் பாடம் புட்டாரோவின் ஒவ்வொரு மூலையிலும் எழுதப்பட்டிருக்கிறது. மூடிய உள்நடை அங்கே இல்லை. நடைவழிகளும் காத்திருக்கும் இடங்களும் வெளித் தாழ்வாரங்களே. பலர் கூடி இருமும் இடம் அதுவல்லவா? கூடங்களின் இரு பக்கமும் சாளரங்கள். சூடேறிய காற்று மேலெழுந்து வெளியேற உயரத்திலும் திறப்புகள். கூரையிலிருந்து 24 அடி விட்டமுள்ள பெரிய விசிறிகள் மெல்லச் சுழன்று காற்றை மேலே இழுக்கின்றன. மேலே சென்ற கிருமிகளைக் கொல்லப் புற ஊதாக் கதிர் விளக்குகள் இருக்கின்றன. பொதுவாகக் கட்டிலின் தலைமாடு சுவரோரம் இருக்கும். நோயாளி எதிர்க்கட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். புட்டாரோவில் கூடத்தின் நடுவே தாழ்ந்த சுவர் ஒன்றை எழுப்பி, தலைமாட்டை அதன் பக்கம் வைத்தார்கள். ஆகவே ஒவ்வொருவர் கண்ணெதிரிலும் ஒரு சாளரம், அதற்கப்பால் மலைகள்.

காட்சியால் நோய் தீருமா என்று நீங்கள் கேட்கலாம். 1984-இல் ரோஜர் உல்ரிச் என்ற அறிஞர் அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் பதிவேடுகளை ஆராய்ந்தார். பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரில், சாளரத்தின் வழியே மரங்களைப் பார்த்தவர்கள் எட்டு நாளுக்குச் சற்றுக் குறைவாகவும், செங்கற்சுவரைப் பார்த்தவர்கள் எட்டே முக்கால் நாள் அளவும் தங்கியிருந்தார்கள். மரத்தைப் பார்த்தவர்களுக்குக் கடுமையான வலிநீக்கி மருந்தும் குறைவாகவே வேண்டியிருந்தது. 46 பேர் என்பது சிறு தொகைதான்; இதை வைத்துக்கொண்டு மரம் நட்டால் மருந்து வேண்டாம் என்று முழங்குவோரிடம் நீங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எனினும் முக்கால் நாள் என்பது படுத்திருப்பவனுக்கு நீண்ட நேரம்.

புட்டாரோவின் சுவர்கள் எரிமலைக் கல்லால் ஆனவை. அந்தப் பகுதியின் வயல்களில் அக்கல் ஏராளம். உழவருக்கு அது இடையூறு. அதையே கொத்தி, இடைவெளி தெரியாமல் பொருத்தி அடுக்கினார்கள். நிலத்தை இயந்திரத்தால் அல்லாமல் கையால் வெட்டினார்கள். ஏறத்தாழ 4000 பேருக்கு வேலை கிடைத்தது. பெண்களும் கல்தச்சு கற்றுத் தேர்ந்தார்கள். சுவரில் செடி வளர்ப்பதும் கூரையில் சூரியத் தகடு பதிப்பதுமே பசுமைக் கட்டடம் என்று நம்மிடையே ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தொலைவிலிருந்து சுமந்து வராத கல்லும், மின்சாரம் நின்றாலும் நிற்காத காற்றும் அவற்றுக்கு முந்தியவை. புட்டாரோவில் நோயாளியின் நுரையீரலைக் காக்கும் சாளரமே மின்செலவையும் மிச்சப்படுத்துகிறது. இரண்டு நன்மைகளுக்கு இரண்டு செலவுகள் அங்கே தேவைப்படவில்லை. பால் ஃபார்மர் 2022 பிப்ரவரியில் அதே புட்டாரோவில்தான் காலமானார்.

ருவாண்டாவின் மலைக்காற்று வேறு, நம் நாட்டுக் காற்று வேறு. இங்கே புழுக்கம் உண்டு, புழுதி உண்டு, அந்தச் செவிலியர் சொன்ன கொசுவும் உண்டு. இப்போது ஒரு சிற்றூர் மருத்துவ நிலையத்துக்கான படம் என் மேசைமேல் கிடக்கிறது. தெற்கிலும் வடக்கிலும் சாளரம். வெயிலும் மழைச்சாரலும் படாமல் அகன்ற தாழ்வாரம். கூரைக்குச் சற்றுக் கீழே காற்றுப் போக்கிகள். கொசுவைத் தடுக்கச் சாளரத்துக்கு நெருக்கமான கம்பி வலை போட வேண்டும். வலையோ காற்றையும் கணிசமாகத் தடுக்கும். ஆகவே சாளரத்தைப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் பிற்பகல் வெப்பம் உள்ளே வரும். அதற்காகத் தாழ்வாரத்தை இன்னும் இரண்டடி நீட்ட வேண்டும். நீட்டினால் உள்ளே வெளிச்சம் குறையும். நான்காம் முறையாக அழித்து வரைந்துகொண்டிருக்கிறேன். முகப்பை இன்னும் வரையவில்லை.