இருட்டில் கேமராவின் கண் சிவப்பது ஏன்?

இரவு ஒன்பது மணிக்கு மன்னார்குடியிலிருந்து அம்மா போன் செய்தார். "தம்பி, நீ மாட்டிட்டுப் போன கேமரா சூடேறிப் போச்சுப்பா. உள்ளே கங்கு மாதிரி செவப்பாத் தெரியுது. ஒயரைப் பிடுங்கிடவா?"

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு, கொல்லையில் இருக்கும் களத்தையும் பம்புசெட் கொட்டகையையும் அப்பா மானிட்டரிலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று நான்தான் அந்தக் கேமராவை மாட்டினேன். பகலில் சோதித்துவிட்டு அன்று மாலையே சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டதால், இரவில் அது எப்படி இருக்கும் என்று நானே பார்க்கவில்லை. "பிடுங்க வேண்டாம்மா, அது அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் பலருக்கும் இந்தச் சந்தேகம் வரும். நைட் விஷன் கேமரா முழு இருட்டில் தானாகப் பார்த்துவிடாது. லென்ஸைச் சுற்றியுள்ள சிறு எல்.ஈ.டி. விளக்குகள் அகச்சிவப்புக் கதிர்களை, அதாவது இன்ஃப்ரா ரெட் ஒளியை, வீசுகின்றன. அதன் வெளிச்சத்தில்தான் கேமரா படம் பிடிக்கிறது. 1800-ல் வில்லியம் ஹெர்ஷெல், முப்பட்டகத்தில் பிரிந்த சூரிய ஒளியில் சிவப்புக்கு அப்பால் தெர்மாமீட்டரை வைத்தபோது, கண்ணுக்கு எதுவும் தெரியாத அந்த இடத்திலும் வெப்பம் ஏறியதைக் கண்டார். அதே கதிர்தான் இது.

கண்ணுக்குத் தெரியாத ஒளி என்றால் சிவப்பு எங்கிருந்து வந்தது? நம் கண்ணின் பார்வை சுவிட்சை அணைத்தது போல ஓர் இடத்தில் நின்றுவிடுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறது. பெரும்பாலான கேமராக்களில் இருப்பது 850 நானோமீட்டர் அலைநீள எல்.ஈ.டி. அதன் ஒளி 850-ல் மட்டும் நிற்காமல் இரு பக்கமும் சற்றுப் பரவுகிறது. இருட்டில் நேராகப் பார்த்தால் மங்கலான சிவப்புப் புள்ளிகளாகத் தெரிவது இதனால்தான். 940 நானோமீட்டர் எல்.ஈ.டி. உள்ள கேமராவில் இந்தப் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாது. டி.வி. ரிமோட்டில் இருப்பதும் பெரும்பாலும் இந்த 940 வகைதான். ரிமோட்டின் முனையை செல்போனின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பட்டனை அழுத்துங்கள், ஊதா கலந்த வெள்ளையாக மின்னும். உங்கள் நைட் விஷன் கேமராவின் விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா என்பதையும் இதே முறையில் பார்த்துவிடலாம்.

அப்பாவுக்கு வேறு கவலை. "திருடனுக்கே அடையாளம் காட்டிக் கொடுக்குதே, இது எதுக்கு?" அவர் சொன்னதும் சரி என்று பட்டது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது 940 வகைக் கேமராவை மாற்றி மாட்டினேன். சிவப்பு போய்விட்டது. அப்பாவுக்குத் திருப்தி.

அங்கேதான் தவறு செய்தேன். கேமராவின் சிலிக்கான் சென்ஸாருக்கும் 940-ல் பார்வை மங்கல்தான். 850-ல் இருப்பதில் ஏறக்குறைய பாதி. அதே அளவு விளக்கு இருந்தாலும் தெரியும் தூரம் குறைந்துவிடும். மார்கழிப் பனியில் ஒரு நாள் இரவு யாரோ பம்புசெட்டின் காப்பர் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஹார்ட் டிஸ்க்கில் பதிவானதை நானும் அப்பாவும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். அறுபது அடி தள்ளியிருந்த கொட்டகைப் பக்கம் ஒரு கரிய அசைவு, அவ்வளவுதான். சட்டை நிறம் கூடத் தெரியவில்லை. (850-லும் நிறம் தெரிந்திருக்காது, அகச்சிவப்பில் எடுக்கும் படம் கறுப்பு வெள்ளைதான், கறுப்புச் சட்டையே வெளுப்பாகத் தெரிவதும் உண்டு. ஆனால் ஆளின் உருவமாவது தெளிவாக விழுந்திருக்கும்.) சம்பா பயிர் நின்றுகொண்டிருந்த நேரத்தில் புது ஒயர் வாங்கி இழுக்கும்வரை மோட்டார் ஓடவில்லை.

பழைய 850 கேமராவே மறுபடி கொல்லைக்குப் போனது. 940 வீணாகவில்லை. அப்பாயி படுக்கும் அறையில் இருக்கிறது. பத்தடி தூரத்துக்கு அது தாராளம், தூங்குபவர் கண்ணில் சிவப்பும் படாது. என் கருத்தில், வாசல், கொல்லை, களம் என்றால் 850 போதும். சிவப்பைப் பார்த்துத் திருடன் திரும்பிப் போனால் நமக்கு நஷ்டமில்லை. அட்டைப்பெட்டியில் அலைநீளம் போடாவிட்டால் கடையில் கேளுங்கள், அல்லது கேமராவை இருட்டில் எரியவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். பெட்டியில் "30 மீட்டர்" என்று போட்டிருப்பது தெளிவான இரவுக்கான கணக்கு. பனி மூட்டத்தில் அந்தக் கணக்கு எடுபடாது. விளக்கொளி பனித்துளிகளில் பட்டு லென்ஸுக்கே திரும்பி வந்து படம் வெளுத்துவிடும். தனியாக ஓர் ஐ.ஆர். விளக்கை வாங்கிக் கேமராவிலிருந்து சில அடி தள்ளி மாட்டினால் இது குறையும். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே கேமராவை வைத்தாலும் இதே வெளுப்புதான்.

பகலில் ஒழுங்காக ஓடும் கேமரா, இருட்டியதும் அணைந்து அணைந்து எரிந்தால் முதலில் அடாப்டரையும் ஒயரையும் பாருங்கள். விளக்குகள் எரியத் தொடங்கியதும் கூடுதல் கரண்ட் இழுக்கும். மெல்லிய ஒயரைக் களம் வரை நீட்டியிருந்தால் 12 வோல்ட் அங்கே முழுதாகப் போய்ச் சேராது.

சாயங்காலம் கேமராவுக்குள் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். பகலில் அகச்சிவப்பைத் தடுக்கும் சின்ன ஃபில்டர் லென்ஸின் பின்னாலிருந்து விலகும் சத்தம் அது. லென்ஸ் முன்னால் சிலந்தி வலை கட்டினால் இரவில் அது வெள்ளைக் கயிறு போலப் பளிச்சென்று தெரியும். காற்றில் ஆடும்போதெல்லாம் ஆள் வந்ததாக அலாரமும் அடிக்கும். வாரம் ஒருமுறை ஒட்டடைக் குச்சியால் தட்டிவிடுங்கள்.