குறைந்த விலைக் கார்களில் தகவமை வேகக் கட்டுப்பாடு: ஒப்பிடும் முறை

தகவமை வேகக் கட்டுப்பாடு என்பது, ஓட்டுநர் குறித்துக் கொடுத்த வேகத்தில் காரைச் செலுத்துவதோடு, முன்னால் செல்லும் வாகனத்துக்கு ஏற்பத் தன் வேகத்தைக் குறைத்தும் கூட்டியும் இரண்டுக்கும் நடுவே இடைவெளியைக் காக்கும் ஏற்பாடு ஆகும். விளம்பரங்களிலும் விற்பனையகங்களிலும் இது 'அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோல்' என்றே வழங்குகிறது. முன்பு சொகுசுக் கார்களில் மட்டும் இருந்த இந்த வசதி, இன்று இந்தியாவில் 10 லட்சம் ரூபாய் அளவில் விற்கும் கார்களிலும் கிடைக்கிறது.

ஒரே பெயரில் விற்கப்பட்டாலும் இந்த ஏற்பாடுகள் எல்லாம் ஒன்றுபோல் வேலை செய்வதில்லை. ஒரு காரில் இது நெரிசலில் முன்வண்டிக்குப் பின்னால் முழுவதுமாக நின்றுவிடும். இன்னொரு காரில் வேகம் ஓரளவுக்குக் கீழே இறங்கியதும் பொறுப்பை ஓட்டுநரிடம் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே கார் வாங்குபவர் "இந்த வசதி இருக்கிறதா?" என்று கேட்பது போதாது. "இது எதுவரை செய்யும், எந்த இடத்தில் கைவிடும்?" என்பதே ஒப்பிடுவதற்கு உரிய கேள்வி.

வரலாறு

சாதாரண வேகக் கட்டுப்பாட்டை உருவாக்கியவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர். சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர் இவர். இவருடைய கண்டுபிடிப்பு 1950-ல் காப்புரிமை பெற்று, 1958-ல் கிரைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் காரில் விற்பனைக்கு வந்தது. அது குறித்த வேகத்தைக் காக்குமே தவிர, முன்னால் என்ன போகிறது என்பதை அறியாது.

முன்வண்டியைக் கவனிக்கும் திறன் 1990-களில் வந்தது. 1995-ல் மிட்சுபிஷி டயமாண்டே காரில் லேசர் உணரி பொருத்தப்பட்டது. அது பிரேக் பிடிக்காது. எரிபொருளைக் குறைத்தும் கியரை இறக்கியும் மட்டுமே வேகத்தைத் தணித்தது. 1999-ல் மெர்சிடிஸ்-பென்ஸ் எஸ் கிளாஸ் காரில் ரேடாரைக் கொண்டு இயங்கி, பிரேக்கையும் பயன்படுத்தும் ஏற்பாடு வந்தது. இன்றைய குறைந்த விலைக் கார்களில் இருப்பது இந்த இரண்டாம் வகையின் வழிவந்ததே.

இயங்கும் முறை

காரின் முன்பகுதியில் உள்ள உணரி, முன்வண்டி எவ்வளவு தொலைவில் இருக்கிறது, எவ்வளவு வேகமாக நெருங்குகிறது அல்லது விலகுகிறது என்பவற்றை அளக்கிறது. கணினி அதை ஓட்டுநர் தேர்ந்த இடைவெளியோடு ஒப்பிட்டு, இன்ஜினையும் பிரேக்கையும் இயக்குகிறது.

இந்த இடைவெளி மீட்டரில் அல்லாமல் நேரத்தில் கணக்கிடப்படுகிறது. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் 25 மீட்டர் ஓடுகிறது. எனவே ஒரு வினாடி இடைவெளி என்றால் 25 மீட்டர்; இரண்டு வினாடி என்றால் 50 மீட்டர். பெரும்பாலான கார்களில் மூன்று அல்லது நான்கு படிகளில் இதை மாற்றிக்கொள்ளலாம்.

தானியங்கி அவசரப் பிரேக் என்பது இதிலிருந்து வேறான ஏற்பாடு. மோதல் நெருங்கிவிட்டது என்று தெரிந்தால் மட்டும் அது கடுமையாகப் பிரேக் பிடிக்கும். தகவமை வேகக் கட்டுப்பாடோ பயணிகள் குலுங்காதபடி மென்மையாக வேகத்தைக் குறைக்க வடிவமைக்கப்பட்டது. விற்பனையகத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதால் பலர் குழம்பிவிடுகிறார்கள்.

ஒப்பிட வேண்டியவை

1. வேக எல்லை

இதுவே முதலில் பார்க்க வேண்டியது. சில ஏற்பாடுகள் பூச்சியம் வரை வேகத்தைக் குறைத்துக் காரை நிறுத்தி, முன்வண்டி நகர்ந்ததும் மீண்டும் புறப்படும். இது 'ஸ்டாப் அண்ட் கோ' எனப்படுகிறது. இவற்றிலும் பல கார்கள் சுமார் 3 வினாடிக்கு மேல் நின்றுவிட்டால் தாமாகப் புறப்படுவதில்லை. ஓட்டுநர் பொத்தானையோ ஆக்சிலரேட்டரையோ அழுத்த வேண்டும். வேறு சில ஏற்பாடுகள் மணிக்கு சுமார் 30 கி.மீ. வேகத்துக்குக் கீழே இயங்கா. நெடுஞ்சாலையிலேயே பெரும்பாலும் ஓட்டுபவருக்கு இது பெரிய குறையாகாது. நகர நெரிசலுக்காக இந்த வசதியை வாங்குபவருக்கோ, ஸ்டாப் அண்ட் கோ இல்லையென்றால் கொடுத்த பணம் வீண்தான்.

2. கியர் வகை

மேனுவல் கியர் காரில் கிளட்சை மிதிக்க ஓட்டுநரின் கால் வேண்டும். கிளட்சை மிதிக்காமல் கார் நின்றால் இன்ஜின் அணைந்துவிடும். அதனால் மேனுவல் காரில் இந்த வசதி இருந்தாலும் நின்று புறப்படும் வேலையை எதிர்பார்க்க முடியாது. ஒரே மாடலில் தானியங்கி கியர் வகைக்குச் சொல்லப்படும் திறனை மேனுவல் வகைக்கும் பொருந்துவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

3. உணரி

குறைந்த விலைக் கார்களில் இரண்டு வகைகள் காணப்படுகின்றன: கேமரா மட்டும் உள்ளவை, கேமராவும் ரேடாரும் சேர்ந்தவை. கேமரா முன்னால் இருப்பது லாரியா, பைக்கா, மனிதரா என்று வகைபிரிப்பதில் சிறந்தது. ஆனால் எதிர்வெயில், அடர்மூடுபனி, பெருமழை, அழுக்கான முன்கண்ணாடி ஆகியவை அதன் பார்வையை மறைக்கும். ரேடார் தொலைவையும் வேகத்தையும் நேரடியாக அளக்கும். இருளும் மூடுபனியும் அதை அதிகம் பாதிப்பதில்லை. பொருள் என்ன என்று அறிவதில்தான் அது பின்தங்குகிறது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது ஓரளவு ஈடுசெய்யும். எனினும் கேமரா மட்டும் உள்ளது என்பதாலேயே ஒரு காரை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நன்றாக வடிவமைத்த கேமரா ஏற்பாடு, சுமாரான ரேடார் ஏற்பாட்டை விட மேலாக இருக்கக்கூடும்.

4. பிரேக்கின் வலு

பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 15622, அதிக வேகத்தில் இந்த ஏற்பாடு பிடிக்கும் பிரேக்குக்கு வரம்பு வைத்துள்ளது. ஒவ்வொரு வினாடியிலும் குறையும் வேகம், வினாடிக்குச் சராசரியாக 3.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. இதன் பொருளை ஒரு கணக்கால் அறியலாம். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் ஓடும் காரை இந்த அளவில் நிறுத்த சுமார் 89 மீட்டர் தேவை. உலர்ந்த சாலையில் ஓட்டுநர் முழு வலுவோடு பிரேக் மிதித்தால் சுமார் 40 மீட்டரில் நிறுத்திவிடலாம். அதாவது ஏற்பாட்டின் கையில் இருப்பது பிரேக்கின் முழு வலுவில் பாதிகூட இல்லை. மீதி ஓட்டுநரின் காலில்தான் இருக்கிறது.

5. நிற்கும் வாகனம்

வாங்குபவர் கட்டாயம் அறிய வேண்டிய எல்லை இது. சாலையோரப் பெயர்ப்பலகை, பாலம், தடுப்புக் கம்பி ஆகிய எல்லாம் ரேடாருக்கு அசையாப் பொருள்களாகவே தெரியும். ஒவ்வொன்றுக்கும் பிரேக் பிடித்தால் காரை ஓட்டவே முடியாது. அதனால் பல ஏற்பாடுகள், குறிப்பாக அதிக வேகத்தில், தாங்கள் கண்டதுமுதல் அசையாமல் இருக்கும் பொருளைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடலாம். முன்னால் போகும் கார் திடீரெனப் பக்கத்துத் தடத்துக்கு விலகி, அதற்கும் முன்னால் பழுதாகி நிற்கும் லாரி வெளிப்படும் நிலை இதில் மிகக் கடினமானது. விலகிய காரைத் தொடர்ந்துகொண்டிருந்த ஏற்பாடு, பாதை காலியாகிவிட்டதாகக் கருதி வேகத்தைக் கூட்டவும் செய்யலாம்.

6. வளைவும் குறுக்கீடும்

வளைவில் முன்வண்டி உணரியின் பார்வையிலிருந்து விலகினால் கார் குறித்த வேகத்துக்குத் திரும்ப முயலும். தடத்தின் ஓரமாகச் செல்லும் பைக் சில நேரம் கண்டுகொள்ளப்படாமல் போகலாம். இடைவெளியை அதிகமாக வைத்தால் வேறு வண்டிகள் நடுவே நுழையும். ஒவ்வொரு முறையும் கார் பின்வாங்கும். இடைவெளியைக் குறைத்தால் ஓட்டுநருக்குக் கிடைக்கும் நேரம் குறையும். மிகச் சிறிய படி எத்தனை வினாடி என்பதையும், குறுக்கே நுழையும் வண்டியை எவ்வளவு சீக்கிரம் உணர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்தியச் சந்தையில் சில எடுத்துக்காட்டுகள்

ஓட்டுநர் உதவித் தொழில்நுட்பங்கள் அனைத்துக்கும் பொதுப்பெயராக 'அடாஸ்' என்ற சொல் வழங்குகிறது. அந்தச் சொல் இருப்பதால் தகவமை வேகக் கட்டுப்பாடும் இருக்கும் என்று நினைப்பது தவறு. 2023-ல் அடாஸ் பெற்ற ஹூண்டாய் வென்யூவிலும், 2024 தொடக்கத்தில் புதுப்பிக்கப்பட்ட கியா சோனெட்டிலும் மோதல் எச்சரிக்கை, தட உதவி போன்றவை இருந்தன. தகவமை வேகக் கட்டுப்பாடு இல்லை. இவை 'லெவல் 1' என்று விற்கப்பட்டன.

2024 டிசம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை ஹோண்டா அமேஸ், தகவமை வேகக் கட்டுப்பாட்டை மேனுவல் கியரிலும் வழங்கியது. அறிமுகத்தின்போது இந்த வசதியுள்ள வகையின் விற்பனையக விலை 10 லட்சம் ரூபாய்க்குள் இருந்தது. இது கேமராவை மட்டும் கொண்டு இயங்குவது. மிக உயர்ந்த வகையில் மட்டும் கிடைத்தது. அறிமுகமான வடிவில் ஸ்டாப் அண்ட் கோ இல்லை. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த மஹிந்திரா எக்ஸ்.யு.வி. 3எக்ஸ்.ஓ. காரின் உயர் வகைகளில் கேமராவும் ரேடாரும் சேர்ந்துள்ளன. ஸ்டாப் அண்ட் கோவும் வழங்கப்பட்டது. இந்த இரண்டு கார்களும் 'லெவல் 2' என்றே விற்கப்பட்டன. ஆகவே லெவல் எண் மட்டும் வேறுபாட்டைக் காட்டாது.

லெவல் எண்கள் அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. அமைப்பு வகுத்தவை. வேகத்தை மட்டும் அல்லது திருப்புதலை மட்டும் தொடர்ந்து கவனித்தால் லெவல் 1. இரண்டையும் சேர்த்துக் கவனித்தால் லெவல் 2. இரண்டிலும் சாலையைக் கவனிக்கும் பொறுப்பு ஓட்டுநருடையதே. நிறுவனங்கள் ஆண்டுதோறும் வகைகளை மாற்றுவதால், வாங்கும் நாளில் உள்ள வகைப்பட்டியலையே பார்க்க வேண்டும்.

சோதனை மதிப்பீடுகள்

பாரத் என்கேப் தரும் நட்சத்திரங்கள் முதன்மையாக மோதலின்போது கார் தரும் பாதுகாப்பைக் காட்டுபவை. ஐந்து நட்சத்திரம் பெற்ற காரின் தகவமை வேகக் கட்டுப்பாடும் சிறந்ததாக இருக்கும் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

ஐரோப்பாவில் யூரோ என்கேப் 2020-ல் ஓட்டுநர் உதவி ஏற்பாடுகளுக்கெனத் தனி மதிப்பீட்டைத் தொடங்கியது. ஏற்பாடு எவ்வளவு செய்கிறது என்பதோடு, ஓட்டுநரை எவ்வளவு விழிப்பாக வைக்கிறது என்பதற்கும் அதில் மதிப்பெண் உண்டு. அந்த முதல் சுற்றில் தொழில்நுட்பத்துக்குப் பெயர்பெற்ற டெஸ்லா மாடல் 3 நடுத்தர நிலையையே பெற்றது. உதவும் திறனில் அது முன்னணியில் இருந்தும், ஓட்டுநரை ஈடுபாட்டோடு வைப்பதில் பின்தங்கியதே காரணம். அதிகம் செய்யும் ஏற்பாடு எப்போதும் அதிகப் பாதுகாப்பானது அல்ல என்பதற்கு இது சான்று.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2021-ல் வெளியிட்ட ஆய்வும் இதை ஒட்டியதே. இந்த ஏற்பாட்டை இயக்கியிருக்கும்போது ஓட்டுநர்கள் வேக வரம்பை மீறும் வாய்ப்பு 24 விழுக்காடு கூடியதாக அது தெரிவித்தது.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

விற்பனைக் கையேட்டில் வசதியின் பெயர் மட்டுமே இருக்கும். எல்லைகள் எழுதப்பட்டிருப்பது உரிமையாளர் கையேட்டில். பல நிறுவனங்கள் அதைத் தம் இணையதளத்தில் இலவசமாக வைத்துள்ளன. அதில் குறைந்தபட்ச இயங்கு வேகம், நிற்கும் வாகனம், பைக், வளைவு, மழை ஆகியவை பற்றிய எச்சரிக்கைகளைப் படித்துவிட்டு இரண்டு கார்களையும் ஒப்பிடுவது நல்லது.

சோதனை ஓட்டத்தை நகரத்துக்குள் முடித்துக்கொள்ளாமல், நான்குவழிச் சாலையிலும் கேட்டுப் பெற வேண்டும். வண்டி குறுக்கே வந்தபோது பிரேக் மெதுவாகப் பிடித்ததா, வெடுக்கென்று பிடித்ததா. தடம் மாறி முந்தும்போது தயங்கியதா. ஏற்பாடு தானே விலகியபோது ஒலியால் தெளிவாக அறிவித்ததா என்று கவனிக்கலாம். நிற்கும் வாகனத்தை நோக்கி ஓட்டிச் சோதிப்பது கூடாது.

பராமரிப்புச் செலவையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கேமரா முன்கண்ணாடியின் மேற்பகுதியில் இருப்பதால், கண்ணாடியை மாற்றினால் கேமராவை மறுபடி அளவுதிருத்த வேண்டும். ரேடார் பம்பர் அல்லது முகப்புப் பகுதியில் இருப்பதால், சிறு மோதலும் பிறகு பொருத்தும் அலங்காரக் கம்பிகளும் அதன் பார்வையைக் கெடுக்கும்.

சுருக்கமாக, தானியங்கி கியரோடு நகரிலும் நெடுஞ்சாலையிலும் ஓட்டுபவர் ஸ்டாப் அண்ட் கோ உள்ளதைத் தேர்வது பொருத்தம். நெடும்பயணத்துக்கு மட்டும் வேண்டுபவருக்கு எளிய ஏற்பாடே போதும். மிச்சமாகும் பணத்தை நல்ல டயருக்கோ கூடுதல் காற்றுப்பைகள் உள்ள வகைக்கோ செலவிடலாம். எதைத் தேர்ந்தாலும், நிற்கும் வாகனத்துக்கு முன் காரை நிறுத்த வேண்டியவர் ஓட்டுநரே.